குத்தூசி

மூட்டைக்கு மூன்று குத்து.
தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, அடியில் ஒன்று.
குழாய் வழியே சரியும் பருப்பில்
ஒரு பிடி என் தட்டுக்கு.
மிச்சமெல்லாம் எதுவும் சொல்லாமல் நிற்கும்.

மலாவியில், ம்சிஞ்சிக் கிடங்கில்
பதினோரு வருடமாக இதுதான் வேலை.
ஊசி போன இடத்தில் நஞ்சு இருந்தால்
மூட்டை முழுக்க நஞ்சு.
ஒரு விரற்கடை தள்ளி இருந்தால்
மூட்டைக்குக் கப்பல்.

நூறு கோடியில் நான்கு பங்கு.
அதற்கு மேல் போனால் வேண்டாம் என்கிறார்கள்
கடலுக்கு அப்பால் தின்பவர்கள்.
நான் நூறு கோடி எதையும் எண்ணியதில்லை.
இருட்டறையில் ஊதா விளக்கைப் போடுவோம்.
கெட்ட பருப்பு சில
நீலமும் பச்சையுமாய் மினுங்கும்.
முதல் நாள் பார்த்தபோது
அழகாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
மேற்பார்வையாளர் கம்வெண்டோ சிரிக்கவில்லை.

இந்த ஆண்டு
விழுது இறங்கி, காய் பிடித்து,
பால் முற்றும் நேரத்தில் மழை நின்றது.
மண் இறுகிற்று. தோடு வெடித்தது.
பூஞ்சணத்துக்கு அவ்வளவு வாசல் போதும்.
மீதியைக் கை செய்தது,
எஸ்நாத் கலிண்டேயின் கை.

அவள் கட்டைவிரலை நீங்கள் பார்க்க வேண்டும்.
பாதி நகம் இல்லை.
ஒரு வாளிக் காய் உடைத்தால் கிடைக்கும் கூலிக்கு
ஒரு சோப்புக் கட்டி வரும், சின்னது.
அதனால் முந்தின இரவே
காய்மேல் தண்ணீர் தெளித்து
சாக்குப் போட்டு மூடி வைப்பாள்.
காலையில் தோடு
சொன்ன பேச்சைக் கேட்கும்.

தண்ணீர் தெளிக்காதீர் என்று
சுவரில் படம் ஒட்டியிருக்கிறோம்.
படத்திலிருக்கும் பெண்ணுக்குப்
பத்து விரலிலும் நகம்.

ஏழாம் தேதி அறுபது மூட்டை தேறவில்லை.
சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன்.
எரிக்க வேண்டும் என்பது விதி.
எரிக்கும் செலவு யார் தலையில் என்பது
விதியில் இல்லை.
மூன்று நாள் வெளியே நின்றன.
நான்காம் நாள் சாக்குகள் மட்டும்,
உதறி, மடித்து,
என் சிவப்புக் குறி மேலே தெரிய
அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.
யாரும் கேட்கவில்லை.
யாரும் என்பதில் நானும் அடக்கம்.

சனிக்கிழமைச் சந்தையில்
தகரக் குவளையால் அளந்துகொண்டிருந்தார்கள்.
சுருங்கியது, கறுத்தது, உடைந்த பாதி. கொள்ளை மலிவு.
"இடித்துவிட்டால் எல்லாம் ஒரே நிறம்"
என்றாள் விற்பவள், கள்ளமே இல்லாமல்.
எனக்கு முன்னால் எஸ்நாத்.
முதுகில் துணியால் கட்டிய பையன்.
இரண்டு முடிந்துவிட்டது என்றாள்.
எனக்கு ஒன்று போலத்தான் தெரிந்தது.
மூன்று குவளை வாங்கினாள், அவன் கஞ்சிக்கு.

வாய் திறந்தேன்.
வறுத்தாலும் போகாது,
கொதித்தாலும் போகாது,
கல்லீரல் கணக்கு எழுதி வைக்கும் என்றேன்.
அவள் குவளையைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
"கசந்தால் துப்பிவிடுவான்."

கசக்காது, எஸ்நாத்.
சொத்தைதான் கசக்கும். இது வேறு.
அதைச் சொல்வதற்குள்
பின்னாலிருந்தவர் என்னைத் தள்ளிக்கொண்டு
தன் பையை விரித்தார்.
அப்படியே சொல்லியிருந்தாலும்
வேறு எதைப் போட்டுக் கஞ்சி காய்ச்ச என்று கேட்டிருப்பாள்.
என் தட்டில் அதற்கு ஒரு பிடியும் இல்லை.

மதியம் வீட்டில்
சோளக்களி, பூசணிக் கீரை.
கீரையில் கடலை மாவு, குழைவாக.
எங்கே வாங்கினாய் என்று கேட்க
மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.
அவள் எனக்காகக் காத்திருந்தாள்,
முதல் கவளம் எப்படி என்று.

ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று.
விரலால் எடுத்து நாக்கில் வைத்துக்
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

உப்பு சரியாக இருக்கிறது என்றேன்.